ஒரே ரூட், நாலு சாஃப்ட்வேர், 45 நிமிஷ ஃப்யூல்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல அண்ணன் போன் பண்ணாரு. ஊர்ல எங்களுக்கு ஒரே தெரு. இங்க டெக்சாஸ்ல அவர் ரெண்டு விமானம் வச்சு சின்னதா சார்ட்டர் (வாடகை விமானம்) நடத்துறாரு, நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கிட்டு லீவு நாள்ல ஒரு செஸ்னா 172எஸ்-ல மூணு பேரோட பங்கு போட்டு பறக்குறவன். "தம்பி, சந்தா எல்லாம் அடுத்த மாசம் முடியுது, இங்க மூணு பைலட்டும் ரூட்டும் ஃப்யூலும் பிளான் போட ஆளுக்கு ஒரு ஆப் வச்சிருக்காங்க, எது நல்லதுன்னு பார்த்து சொல்லு, எல்லாருக்கும் ஒண்ணா வாங்கிடலாம்"னாரு. சரிண்ணேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். ஒரு நாள் வேலைன்னு நினைச்சேன், முழுசா மூணு வாரம் ஆச்சு, அதான் இங்க எழுதி வைக்கிறேன், வேற யாருக்காவது உதவும்.

நான் செஞ்சது இதுதான். ஒரே பயணத்தை நாலு இடத்துல போட்டேன். ஹூஸ்டன் பக்கத்துல இருக்குற சுகர்லேண்டுல கிளம்பி ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் கில்லெஸ்பி கவுண்டி ஏர்போர்ட், நேர்கோட்டுல 170 நாட்டிகல் மைல் சொச்சம். ஏன் அந்த ரூட்னா எனக்கு அது மனப்பாடம், ஆஸ்டினோட கிளாஸ் சி வானவெளி (ஏர்போர்ட்டை சுத்தி கண்ட்ரோலர் கட்டுப்பாட்டுல இருக்குறது) தெற்கு ஓரத்தை ஒட்டிக்கிட்டு போகும், தரை கொஞ்சம் கொஞ்சமா ஏறும், சுகர்லேண்டு கடல் மட்டத்துல இருந்து 82 அடின்னா அந்தப் பக்கம் 1,700 அடி கிட்ட. அங்க ரன்வே பக்கத்துலயே ஹேங்கர் மாதிரி கட்டின ஹோட்டல், சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கு, அதனால வருஷத்துக்கு நாலஞ்சு தடவை போவோம். ஃபோர்ஃப்ளைட், கார்மின் பைலட், ஃப்ளைட்பிளான் டாட் காம், ஸ்கைவெக்டர், இந்த நாலுலயும் ஒரே நாள் ஒரே நேரம் ஒரே உயரம் கொடுத்தேன்.

ரூட்டு நாலுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நேரம் ரெண்டு மூணு நிமிஷம் முன்னப்பின்ன வந்துச்சு, அது காத்து கணக்குனால. அமெரிக்க வானிலைத் துறையோட ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு 4 தடவை ஓடுது, ஒரு ஆப் புது ஓட்டத்தை எடுத்திருக்கும் இன்னொண்ணு பழசையே வச்சிருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனா ஃப்யூல் மட்டும் ஒத்து வரல. நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது, ஒண்ணுல நான் நாலு வருஷத்துக்கு முன்னாடி விமானத்தோட கையேட்டைப் பார்த்து போட்ட எண் இருந்துச்சு, இன்னொண்ணுல போன வருஷம் நிஜ ஃப்யூல் பில்லை பார்த்து போட்ட எண். கணக்கு போடுற சாஃப்ட்வேர் எதுலயும் தப்பில்ல, நான் கொடுத்த எண்ணுதான் வேற வேற.

இதை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் சொல்ல வந்ததே இதுதான். கையேட்டு அட்டவணைல 65 சதவீத பவர்ல நல்லா லீன் பண்ணி (காத்தோட கலக்குற ஃப்யூலை குறைச்சு) ஓட்டினா மணிக்கு 8.6 கேலன்னு எடுத்து வச்சிருந்தேன். அது புது இன்ஜின், அனுபவப்பட்ட டெஸ்ட் பைலட் கை, சரியா லீன் பண்ணின மிக்ஸ்சர். எங்க விமானம் அப்படி இல்ல, எங்க நாலு பேர் கையும் அப்படி இல்ல. ஒரு தடவை இதே ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் போய்ட்டு அங்க ஃப்யூல் போடாம திரும்பி வந்தோம், ஹாப்ஸ் மீட்டர்ல (இன்ஜின் ஓடின நேரம் காட்டுறது) 3.3 மணி நேரம், பிளான் சொன்னது 28 கேலன் சொச்சம், வந்து ரெண்டு டேங்கையும் கழுத்து வரைக்கும் நிரப்பினா பம்ப்புல 32-க்கு மேல போயிருக்கு. அன்னைக்கு டேங்க்ல தாராளமா இருந்துச்சு, அதனால ஒண்ணும் ஆகல. ஆனா ராத்திரி தூக்கம் வரல. உக்காந்து கணக்கு போட்டேன்.

172எஸ்-ல பயன்படுத்தக்கூடிய ஃப்யூல் 53 கேலன். மணிக்கு 8.6-னா 6 மணி 10 நிமிஷம் பறக்கலாம். எங்க விமானம் நிஜமா குடிக்கிறது 9.8, அதுக்கு 5 மணி 24 நிமிஷம்தான் வருது. ரெண்டுக்கும் நடுவுல 45 நிமிஷம். ராத்திரி விஎஃப்ஆர்-க்கு, அதாவது கண்ணால வெளிய பார்த்து பறக்குறதுக்கு, சட்டம் கேக்குற ரிசர்வ் (மிச்சம் இருக்க வேண்டிய ஃப்யூல்) எவ்வளவு? 45 நிமிஷம். ஐஎஃப்ஆர்-ல, அதாவது கருவியை நம்பி பறக்குறப்ப, ஆல்டர்னேட் (மாற்று ஏர்போர்ட்) வரைக்கும் போனப்புறம் கையில இருக்க வேண்டியது? அதே 45 நிமிஷம். அதாவது திரையில பச்சை நிறத்துல "ரிசர்வ் இருக்கு"ன்னு காட்டிக்கிட்டே இருக்கும், டேங்க்ல அது இருக்காது. ஒரு கட்டத்துல 1.2 கேலன் தப்பா டைப் பண்ணினதுக்கு இவ்வளவு விலை.

அதுக்கப்புறம் ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு தடவையும் கழுத்து வரைக்கும் நிரப்பி கிளம்புறது, வந்து திரும்ப கழுத்து வரைக்கும் நிரப்புறது, எத்தனை கேலன், எவ்வளவு நேரம், எந்த உயரம், யாரு ஓட்டினாங்க. 11 தடவை எழுதினப்புறம்தான் 9.8-ன்னு ஒரு எண்ணுல நின்னுச்சு. ஏறும்போது ஆகுறதை தனியா எழுதணும், பக்கத்து ஊருக்கு போறப்ப பாதி நேரம் ஏறிக்கிட்டுதான இருக்கோம். கூட பறக்குற மத்த மூணு பேர்கிட்டயும் அந்த நோட்டை காட்டினேன், இப்போ எல்லாரும் எழுதுறாங்க.

சரி, இப்போ ஆப்புக்கு வருவோம்.

ஃபோர்ஃப்ளைட் 2007-ல ஹூஸ்டன்ல ஆரம்பிச்சது, எங்க ஊர்ப் பிள்ளைன்னு ஒரு பாசம் எனக்கு உண்டு, அதை முதல்லயே சொல்லிடுறேன். இங்க நான் பாக்குற பைலட்டுல முக்கால்வாசி பேர் அதைத்தான் வச்சிருக்காங்க, இன்ஸ்ட்ரக்டரும் அதையேதான் வச்சுக்கிட்டு சொல்லிக் கொடுப்பாங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ரெண்டு. ஒண்ணு, ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல முன்னாடி போன விமானங்களுக்கு ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) என்ன ரூட் கொடுத்தாங்கன்னு காட்டும். நாம நேர்கோடு போட்டு பிளானை ஏடிசி-க்கு ஃபைல் பண்ணி, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது வேற ரூட் வந்து, மடில பேப்பரை வச்சு அவசர அவசரமா எழுதுற பாடு குறையும். ரெண்டாவது, மூட்டை கட்டுற மாதிரி 'பேக்' (Pack) பட்டன். நாளைக்கு போற பயணத்துக்கு வேண்டிய சார்ட் (விமானி வரைபடம்), வானிலை, நோட்டாம் (பைலட்டுக்கான அறிவிப்பு), ஃப்யூல் விலை எல்லாம் ஒரே தட்டுல இறக்கி வச்சுக்கும். மேல போனா நெட் கிடையாது, இறக்காம போனா அவ்வளவுதான். குறைன்னு பார்த்தா ஆப்பிள் கருவில மட்டும்தான் ஆப் ஓடும், வெப்ல பிளான் போடலாம், ஆனா ஆண்ட்ராய்டு வச்சிருக்கிறவருக்கு விமானத்துக்குள்ள பிரயோஜனம் இல்ல. விமானத்தோட பர்ஃபார்மன்ஸை விரிவா வச்சு கணக்கு போடுற வசதி மேல் தட்டு சந்தாலதான் முழுசா கிடைக்கும், கீழ் தட்டுல வேகம், ஃப்யூல்னு எளிமையா போட்டுக்கணும். எங்க 172-க்கு அந்த எளிமையே போதும், எண் சரியா இருந்தா.

கார்மின் பைலட் ஆண்ட்ராய்டுலயும் ஓடும் ஐபேட்லயும் ஓடும். விமானத்துல கார்மின் ஜிடிஎன் மாதிரி நேவிகேஷன் பெட்டியும் ஃப்ளைட் ஸ்ட்ரீம்ங்கிற வயர்லெஸ் இணைப்பும் இருந்தா வீட்டுல போட்ட பிளானை அப்படியே பேனலுக்கு அனுப்பிடலாம், விரலால ஒவ்வொரு பாயிண்டா திருகி ஏத்த வேண்டாம். இதை ஃபோர்ஃப்ளைட்டும் செய்யும். ஆனா பேனல்ல பாக்குற அதே மெனு, அதே குறியீடு டேப்லெட்லயும் இருந்தா கை தேடாது. மேகத்துக்குள்ள தனியா இருக்கும்போது ரெண்டு செகண்ட் தேடுறதுகூட பெரிய விஷயம். ஏறுறது, நிலையா போறது, இறங்குறதுன்னு தனித்தனியா அட்டவணை போட்டுக்கலாம், என் நோட்டுக்கு அது ரொம்ப பொருத்தமா இருந்துச்சு.

ஃப்ளைட்பிளான் டாட் காம் பழைய ஆளு, 1999-ல வந்தது, 2018-ல கார்மின் வாங்கிட்டாங்க. பாக்க பழைய காலத்து வெப்சைட் மாதிரிதான் இருக்கும், ஆனா அது கொடுக்குற நேவ் லாக் இருக்கே, ஒரு தாள்ல எல்லாம் அடங்கிடும், பாயிண்ட் பாயிண்டா காத்து, நேரம், மிச்ச ஃப்யூல். அதை நான் இப்பவும் பிரிண்ட் எடுத்து முட்டில கட்டிக்கிறேன். ஸ்கைவெக்டர் இலவசம், செக்ஷனல் சார்ட்டை பெரிய திரையில விரிச்சு வச்சு ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து ரூட்டை இழுத்து இழுத்து பாக்குறதுக்கு அதைவிட சுகம் வேற கிடையாது. ஃபைலும் பண்ணலாம்.

காசு கொடுக்க முடியாத மாணவனுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல விமானத் துறையை கவனிக்கிற எஃப்ஏஏ தன்னோட சார்ட்டை டிஜிட்டலா இலவசமாவே வெளியிடுது, அதனாலதான் ஏவேர் மாதிரி தன்னார்வலர்கள் எழுதுற இலவச ஆண்ட்ராய்டு ஆப் எல்லாம் இருக்க முடியுது. லைடோஸ் நடத்துற 1800டபிள்யூஎக்ஸ்பிரீஃப் சைட்ல கணக்கு ஆரம்பிங்க, அதுவும் இலவசம், நீங்க பிரீஃபிங் (கிளம்புறதுக்கு முன்னாடி வானிலை விவரம்) எடுத்தீங்கன்னு பதிவு நிக்கும், ஃபைல் பண்ணினப்புறம் வழியில புதுசா மோசமான வானிலை எச்சரிக்கை வந்தா போனுக்கே செய்தி அனுப்பும். எஃப்ஏஏ-வோட 91.103 விதி கிளம்புறதுக்கு முன்னாடி கிடைக்கக்கூடிய எல்லா தகவலையும் தெரிஞ்சுக்கணும்னு சொல்லுது, எந்த ஆப்லன்னு சொல்லல. இலவசமா வச்சிருக்கிறவங்க ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது, டேட்டா தேதி. நேவிகேஷன் டேட்டா 28 நாளுக்கு ஒருக்கா மாறும், விஎஃப்ஆர் சார்ட் 2021-ல இருந்து 56 நாளுக்கு ஒருக்கா. காசு கொடுத்த ஆப்பா இருந்தா தானா ஞாபகப்படுத்தும்.

வானிலைல எல்லா ஆப்புக்கும் பொதுவான ஒரு ஆபத்து இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஏடிஎஸ்-பி ரிசீவர்ல (தரையில இருந்து அனுப்புற தகவலை வாங்குற பெட்டி) மேல இருக்கும்போது ரேடார் படம் இலவசமா வரும், பக்கத்துல "2 நிமிஷம்"னு வயசு போட்டிருக்கும். அது படத்தை ஒட்டி சேர்த்து முடிச்ச நேரத்துல இருந்து கணக்கு. ஒவ்வொரு ரேடாரும் சுத்தி பார்த்தது அதுக்கும் முன்னாடி. காட்டுற வயசைவிட நிஜ வயசு மோசமான நேரத்துல 15-ல இருந்து 20 நிமிஷம் வரைக்கும் கூட இருக்கலாம்னு விபத்தை விசாரிக்கிற என்டிஎஸ்பி 2012-லயே எச்சரிச்சிருக்கு. டெக்சாஸ்ல மே மாச இடிமேகம் 20 நிமிஷத்துல எங்க இருந்து எங்க போயிடும்னு இங்க பறக்குறவங்களுக்கு தெரியும். திரையில ரெண்டு சிவப்பு மழைத் திட்டுக்கு நடுவுல தெரியுற சந்து வழியா நான் போக மாட்டேன், எந்த ஆப் காட்டினாலும் சரி. சுத்திப் போகணும், இல்ல இறங்கி காபி குடிக்கணும்.

அப்புறம் வெயில். பெரும்பாலான டேப்லெட் 35 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யுற மாதிரி செஞ்சது. ஆகஸ்ட் மாசம் ரன்வே பக்கத்துல கதவு மூடின 172 உள்ள என்ன சூடு இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. எனக்கு ஒரு தடவை டாக்ஸி பண்ணும்போதே திரை கறுப்பாகி சூடு ஆறட்டும்னு செய்தி வந்துச்சு. பிரிண்ட் எடுத்த தாள் முட்டில இருந்ததால போய்ட்டு வந்தேன். அன்னைலேர்ந்து போன்லயும் அதே ஆப்பை இறக்கி பைக்குள்ள நிழல்ல வச்சிருப்பேன். அதே வெயில்ல ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்ல 38 டிகிரின்னா டென்சிட்டி ஆல்டிட்யூட் (சூட்டுல காத்து லேசாகி விமானம் இருக்குற மாதிரி உணர்ற உயரம்) 4,900 அடி கிட்ட வந்துடும், அங்க நாலு பேரோட ஏறணும்னா டேக்ஆஃப் தூரத்தை ஆப்போட விட்டுடாம கையேட்டு அட்டவணைலயும் ஒரு தடவை விரல் வச்சு பாக்கணும்.

இனி அண்ணன் கதை. எனக்கும் அவருக்கும் தேவை வேற. நான் எஃப்ஏஏ விதில பார்ட் 91, சொந்தத்துக்கு பறக்குறவன், என் பொறுப்புல நானே முடிவு பண்ணிக்கலாம். அவர் காசு வாங்கிட்டு ஆள் ஏத்துறவர், பார்ட் 135. காக்பிட்ல பேப்பருக்கு பதிலா டேப்லெட் வைக்கணும்னாலே ஏ061-ன்னு ஒரு ஆப்ஸ்பெக் அனுமதி எஃப்ஏஏ கிட்ட வாங்கணும், எந்த ஆப், எந்த கருவி, பேட்டரி போனா என்ன வழி, யாரு அப்டேட் பண்றாங்க, எல்லாம் நடைமுறையா எழுதிக் கொடுக்கணும். மூணு பைலட் மூணு ஆப்னா மூணு மடங்கு எழுத்து, மூணு மடங்கு பயிற்சி. அவரோட பீச்கிராஃப்ட் பாரன் விமானம் ரெண்டு இன்ஜின், அதனால ஒவ்வொரு பயணத்துக்கும் லோட் மேனிஃபெஸ்ட் (ஆள், எடை கணக்குத் தாள்) போட்டு 30 நாள் வச்சிருக்கணும். எஃப்ஏஏ ஃப்ளைட் பிளான் ஃபைல் பண்ணாத பயணம்னா விமானம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற ஏற்பாடு கம்பெனி கிட்டயே இருக்கணும்.

இதையெல்லாம் பாக்குறது பைலட் இல்ல, அண்ணி. ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்குறது, பயணிகள் எடை கேட்டு எழுதுறது, விமானம் லேட்டானா பார்ட்டிக்கு சொல்றது எல்லாம் அவங்கதான். நான் ஃபீச்சர் ஃபீச்சரா ஒரு ஷீட் போட்டு எடுத்துட்டு போனேன், அண்ணனும் பைலட்டுங்களும் சிந்தெடிக் விஷன் (வெளிய இருக்குற தரையை திரையில படமா வரைஞ்சு காட்டுறது) எதுல நல்லா இருக்குன்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. அண்ணி டீ கொண்டு வந்து வச்சிட்டு கேட்டாங்க, "தம்பி, விமானம் எங்க இருக்கு, உள்ள எத்தனை பேரு, எவ்வளவு எண்ணெய் இருக்கு, எத்தனை மணிக்கு இறங்கும், இந்த நாலும் என் கம்ப்யூட்டர்ல யாருக்கும் போன் பண்ணாம தெரியுமா?" அந்த கேள்வி என் ஷீட்லயே இல்ல.

அந்த நாலு கேள்வியை வச்சுதான் மறுபடியும் எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தோம். பைலட் ஐபேட்ல மாத்தினது ஆபீஸ் வெப்ல உடனே தெரியுதா, விமானத்தோட ப்ரொஃபைலை (வேகம், ஃப்யூல் எண்) ஒருத்தர் மட்டும் மாத்துற மாதிரி பூட்டி வைக்க முடியுமா, எடையும் சென்டர் ஆஃப் கிராவிட்டியும் போட்ட தாள் தனியா சேமிச்சு எடுக்க முடியுமா. ப்ரொஃபைல் பூட்டு எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு, ஏன்னா என் 8.6 கதை அங்க மூணு பைலட்டுக்கு மூணு எண்ணா இருந்துச்சு, ஒரே பாரனுக்கு! கடைசியில ஃபோர்ஃப்ளைட்டோட பிசினஸ் சந்தா எடுத்தாங்க, மூணு பேர்கிட்டயும் ஏற்கனவே ஐபேட் இருந்ததும் ஒரு காரணம். ஒருத்தர் ஆண்ட்ராய்டுன்னு இருந்திருந்தா நான் கார்மின் பக்கம்தான் சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது அண்ணனுக்கு இருந்த ஒரே பயம், யாரு கையில இருக்கோம்னு. நியாயமான பயம்தான். எல்ரே ஜெப்பசன்னு ஒரு தபால் விமானி தான் போற வழியில இருந்த மலை, கோபுரம், வயல் எல்லாம் கறுப்பு நோட்டுல எழுதி வச்சு, மத்த பைலட்டுங்க கேட்டதால 10 டாலருக்கு வித்து, 1934-ல சார்ட் கம்பெனி ஆரம்பிச்சாரு. அந்த கம்பெனியை 2000-ல போயிங் வாங்குச்சு, ஃபோர்ஃப்ளைட்டை 2019-ல வாங்குச்சு, 2025-ல ரெண்டையும் இன்னும் சிலதோட சேர்த்து தோமா பிராவோங்கிற முதலீட்டு நிறுவனத்துக்கு 10.55 பில்லியன் டாலருக்கு வித்துடுச்சு. முதலீட்டு நிறுவனம்னா விலை ஏறுமோன்னு பைலட்டுங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் சொன்னது, வருஷ சந்தா மட்டும் எடுங்க, ப்ரொஃபைல் எண்ணெல்லாம் ஒரு தாள்ல எழுதி ஃபைல்ல வைங்க, நாளைக்கு வேற ஆப்புக்கு போனாலும் அந்த தாள் கூட வரும்.

சென்னைல ட்ரெயினிங் எடுக்குற தம்பி ஒருத்தர் இதையே கேட்டிருந்தாரு. அங்க நிலைமை வேறப்பா. ஃபைல் பண்ணினா மட்டும் போதாது, எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) நம்பரும் ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் நம்பரும் வாங்கணும், அதை எந்த வெளிநாட்டு ஆப்பும் உனக்காக வாங்கித் தராது. வானிலைக்கு வானிலைத் துறையோட ஆன்லைன் பிரீஃபிங் இருக்கு, ஏஐபி-ய (நாட்டோட விமானத் தகவல் புத்தகம்) ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி சைட்ல இலவசமா படிக்கலாம். காசு கொடுத்து ஆப் வாங்குறதுக்கு முன்னாடி உன் கிளப் விமானத்தோட டெக் லாக்கை கேட்டு வாங்கி ஃப்யூல் கணக்கை எழுது. ஐரோப்பால இருக்கிறவங்க விஎஃப்ஆர்-க்கு ஸ்கைடெமனும், ஐஎஃப்ஆர் ரூட்டுக்கு ஆட்டோரூட்டரும் பாருங்க. அங்க ஐஎஃப்ஆர் பிளானை யூரோகன்ட்ரோல் சிஸ்டம் ஏத்துக்கணும், ஒரு பாயிண்ட் ஒத்து வரலைன்னாலும் திருப்பி அனுப்பிடும், ஆட்டோரூட்டர் ஏத்துக்கிற ரூட்டை தானே தேடி எடுக்கும்.

நேத்து அண்ணி ஒரு போட்டோ அனுப்பினாங்க. ஆபீஸ் சுவத்துல ஒரு வெள்ளைப் பலகை, அதுல பாரனோட டெயில் நம்பர், கீழ தேதி, கேலன், மணி நேரம், பைலட் பேருன்னு கட்டம் போட்டு ஆறு வரி எழுதியிருக்கு. ஆறு வரியும் இன்னும் ஒரு எண்ணுல நிக்கல. பத்து பன்னெண்டு வந்தப்புறம்தான் ப்ரொஃபைல்ல மாத்தணும்னு சொல்லியிருக்கேன், அதுவரைக்கும் ஆறுல பெரிய எண் எதுவோ அதையே வச்சு பிளான் போடுறாங்க.